இரண்டு நிமிடம் பத்தாவது விநாடி

மண்டபம் ஐஸ் பிளாண்டில் ராத்திரி ஷிப்டு.
கம்ப்ரசர் நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு அடிக்கிறது,
எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
என் டிராக்கெல்லாம் நூற்றுப் பதினெட்டிலேயே ஓடுவதற்கு
வேறு கலைக் காரணம் எதுவும் இல்லை.

ஆறரை நிமிடம்.
பழைய லேப்டாப், தேய்ந்துபோன ஸ்பேஸ் பட்டன்,
பதினோரு இரவு.
மூன்று பேருக்கு அனுப்பினேன்.

அண்ணன் முழுதாகக் கேட்டுவிட்டு
"பாட்டு எப்படா ஆரம்பிக்கும்" என்றான்.

கத்தாரிலிருந்து ஹமீது
நெருப்புப் படம் ஐந்து அனுப்பினான்.
நான் அனுப்பி நாற்பது விநாடிதான் ஆகியிருந்தது.

இன்பென்டா மட்டும் போன் பண்ணினாள்.
தங்கச்சிமடம், டீசல் பங்கில் கணக்கு எழுதுகிறவள்.
"போன்ல கேட்டா கீழ்ச்சத்தமே இல்ல சீனி,
முள்ளை உருவுன சூடை மாதிரி தொளதொளன்னு இருக்கு.
களஞ்சியம் ஆட்டோல போட்டுக் கேப்போம்."

களஞ்சியம் ஆட்டோவில்
சீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு இஞ்சு ஊஃபர்.
சவாரி ஏறுகிற கிழவிகள்
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள்.

பாலத்தில் ஏறினோம்.
ஆடிக் காற்று.
வலப்பக்கக் கடல் தூக்கித் தூக்கி அடிக்க
இடப்பக்கக் கடல் பாய் விரித்துப் படுத்திருந்தது.
ஒரு பக்க ஸ்பீக்கர் போன கடல்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
என் வயிற்றுக்குள் கம்ப்ரசர்.
இரண்டு நிமிடம் பத்தாவது விநாடியில்
அவள் விரல் எழுந்தது.

"இங்க பயந்துட்ட."

நானா?

"இதுவரைக்கும் ஒத்த அடி. நடந்து வர்ற மாதிரி வந்துச்சு.
இங்க யாரும் எந்திரிச்சுப் போயிருவாங்களோன்னு
கைதட்டு, மணி, விசில்னு அள்ளிக் கொட்டிட்ட.
எலைல எடமே இல்ல.
சோத்தை எங்க பெசைய?"

அந்த விசிலுக்கு மட்டும் மூன்று இரவு.
உனக்கென்ன தெரியும், லிட்டர் கணக்கு எழுதுகிறவளே
என்று நாக்கு நுனி வரை வந்ததை
காற்று பிடுங்கிக்கொண்டு போனது. நல்லதாகப் போயிற்று.

"ஆனா அடிக்குப் பின்னால
டர்ர்ர்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டே வருதே,
அதான்டா இதுல உசுரு. எப்படிப் பண்ணுன?"

அது என் டிராக்கில் இல்லை.
களஞ்சியத்தின் நம்பர் பிளேட்.
ஒரு ஸ்க்ரூ கழன்றுபோய்
ஊஃபர் உதறும்போதெல்லாம் உதறுகிறது.

"அதுக்கு ரெண்டு நாள் ஆச்சு" என்றேன்.

களஞ்சியம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பி விசிலை அழித்தேன்.
மணியை அழித்தேன்.
கைதட்டை அழிக்க மனசு வராமல்
சத்தத்தைக் குறைத்து, இன்னும் குறைத்து,
எனக்கு மட்டும் கேட்கிற அளவில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடையது வந்தது.
"பொய் சொல்லாமச் சொல்லு."

போட்டெல்லாம் கரையில். பிளாண்டில் வேலை இல்லை.
நான்கு முறை கேட்டேன்.
பம்பில் எண் ஓடுகிற கடகட,
குழாய் மாட்டுகிற இரும்புச் சத்தம்,
நாலாவது நிமிடத்தில்
மைக்குக்கு மிக அருகே ஒரு மூச்சு.
அவளுடையதுதான்.
அடுத்த நொடியே அதன்மேல் டிரம்மை உருட்டி
மூடியிருந்தாள்.

"சூப்பர்" என்று அடித்தேன். அழித்தேன்.
நெருப்புப் படத்தில் விரல் போய் நின்றது.
"நாலாவது நிமிஷத்துல" என்று அடித்தேன்.
அதற்கு மேல் வரவில்லை.
மூச்சை எடுத்துவிடு என்பதா,
டிரம்மை எடுத்துவிடு என்பதா?
எதைச் சொன்னாலும்
அவள் தெரியாமல் திறந்து வைத்த கதவை
நான் பார்த்துவிட்டேன் என்றாகும்.

ஐஸ் பாளத்தின்மேல் உட்கார்ந்து
பின்புறம் மரத்துப்போகும் வரை யோசித்துவிட்டு
முதலில் இதை அனுப்பினேன்:
"அந்த டர்ர்ர் என்னுது இல்ல. நம்பர் பிளேட்டு."

இரண்டு நீல டிக்.
எழுதுகிறாள். நிறுத்துகிறாள். எழுதுகிறாள்.

"எறங்கும்போதே பாத்துட்டேன்.
சரி, இப்ப என்னோடதச் சொல்லு."